பீட்டா வரும்போதே பார்க்க வேண்டிய தமிழ்

ஸ்ரீரங்கம் என்ற ஊர்ப்பெயரைக் கணினியில் இரண்டு விதமாகத் தட்டலாம். ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்று வரிசையாகத் தட்டினால் ‘ஸ்ரீ’ வரும். 2005-ஆம் ஆண்டு யுனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அதை முதலில் வைத்துத் தட்டினால் ‘ஶ்ரீ’ வரும். இரண்டையும் சமமாகவே கருத வேண்டும் என்று பரிந்துரைக்கிறது யுனிகோடு தரம். ஆனால் கணினிக்குள் இரண்டும் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். சித்திரை வீதிக் கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளர் முகவரிகளை ஒரு வரிசையில் பதிந்துவிட்டு மற்றொரு வரிசையில் தேடினால், 620006 என்ற பின்கோடு அகப்படும், ஊர்ப்பெயர் அகப்படாது. எழுத்துருவில் குறை இருந்தால் இன்னும் மோசம். ‘ஸ்’ ஒரு பக்கமும் ‘ரீ’ ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

இப்படியொரு குறை இருப்பது பெர்லினிலோ பாஸ்டனிலோ உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. தானியங்கிச் சோதனைகள் இருக்கின்றன. ஆனால் யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்ததை மட்டுமே அவை சோதிக்கும். தமிழில் அன்றாடம் தட்டெழுதும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் தமிழ் வழு வெளியே வரும். அவர் அதை எப்போது பார்க்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இயங்குதளம் வெளியான பிறகு சொன்னால், அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். வெளியீட்டுக்கு முன்னால் சொன்னால், வழு அந்தப் பதிப்பிலேயே திருந்த வழி இருக்கிறது. கட்டற்ற இயங்குதளங்கள் எல்லாம் இதற்காகவே தங்கள் அரைகுறைப் பதிப்புகளை உலகத்தின் முன் வைக்கின்றன. எந்த ஒப்பந்தமும் கையெழுத்தும் இல்லாமல் யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் இதில் ஒரு வழக்கம் உண்டு. உபுண்டு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஏப்ரல் பதிப்பு நீண்டகால ஆதரவு கொண்டது. கல்லூரிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் அதைத்தான் நிறுவுகின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்துவார்கள். பிறகு திரைத் தோற்றத்தை மாற்றுவதை நிறுத்துவார்கள். வெளியீட்டுக்குச் சுமார் 3 வாரம் இருக்கும்போது பீட்டா என்ற சோதனைப் பதிப்பு வரும். 2025 மே மாதத்திலிருந்து மாதம் ஒரு முன்னோட்டப் பதிப்பும் தருகிறார்கள். ஃபெடோராவில் ‘ராஹைடு’ என்ற கிளை நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து பிரிந்து பீட்டா வரும். பிறகு, வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வெளிப்படையான ஒரு கூட்டம் நடக்கும். வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான வழு என்று எவரும் ஒன்றை முன்மொழியலாம். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டால், வழு தீரும்வரை வெளியீடு தள்ளிப் போகும்.

டெபியனின் வழி தனி. அதில் மூன்று கிளைகள் எப்போதும் உயிரோடிருக்கும். புதிய மென்பொருள் பொதிகள் முதலில் ‘சிட்’ என்ற நிலையற்ற கிளைக்கு வரும். ‘டாய் ஸ்டோரி’ படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது. சில நாட்கள் பெரிய வழு இல்லாமல் தாக்குப்பிடித்தால் அடுத்த சோதனைக் கிளைக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனைக் கிளையைப் படிப்படியாக உறைய வைத்து நிலையான பதிப்பாக்குவார்கள். டெபியன் 13-க்கு இது எப்படி நடந்தது என்று பார்த்தால் அவர்களின் நிதானம் விளங்கும். 2025 மார்ச் 15-ல் முதல் உறைவு, ஏப்ரல் 15-ல் அடுத்தது, மே 15-ல் கடும் உறைவு, ஜூலை 27-ல் முழு உறைவு, ஆகஸ்ட் 9-ல் வெளியீடு. ஏறக்குறைய ஐந்து மாதம், புதியதாக எதையும் சேர்க்காமல் இருப்பதைச் சரிசெய்வதிலேயே கழிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் லினக்ஸ் கர்னலோ 9, 10 வாரத்துக்கு ஒரு பதிப்பு காண்கிறது. இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள். பிறகு ஞாயிறுதோறும் ஒரு முன்பதிப்பு, ஏழோ எட்டோ வந்தபின் வெளியீடு.

பெயரை மட்டும் வைத்து ஒரு பதிப்பின் தரத்தைக் கணிக்க முடியாது. ஹைக்கூ என்ற இயங்குதளம் 2009-ல் முதல் ஆல்ஃபாவையும் 2018-ல் முதல் பீட்டாவையும் 2024-ல் ஐந்தாவது பீட்டாவையும் வெளியிட்டது; இன்னும் முதல் முழுப் பதிப்பு என்ற பெயர் சூட்டவில்லை. ஆனாலும் அந்தப் பீட்டா பல வேலைகளுக்கு நன்றாகவே உதவுகிறது. அதே நேரத்தில், சிட் கிளையில் நேற்று ஓடிய திரை இன்று காலை ஓடாமல் போகலாம். பீட்டா என்றால் உபுண்டுவில் ஒரு பொருள், ஹைக்கூவில் வேறு பொருள். அந்தந்தத் திட்டத்தின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது.

இறங்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 2008 செப்டம்பர் சாட்சி. அப்போது கர்னல் 2.6.27-ன் முன்பதிப்புகள் சுற்றில் இருந்தன. ஓப்பன்சூசே 11.1, ஃபெடோரா 10, மாண்ட்ரிவா 2009, உபுண்டு 8.10 ஆகிய நான்கின் சோதனைப் பதிப்புகளும் அந்தக் கர்னலோடு வந்தன. அவற்றை நிறுவிய சிலரின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்தன. மென்பொருள் முடங்கியிருந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இங்கே கார்டுக்குள் இருக்கும் நிலைநினைவகமே அழிந்துபோனது. முதலில் இ1000இ என்ற டிரைவர் மீது சந்தேகம் போயிற்று. உபுண்டு அந்த டிரைவரையே தன் சோதனைப் பதிப்பில் முடக்கியது. வாரக்கணக்கில் தேடிய பிறகு, குற்றம் வேறிடத்தில் இருப்பது தெரிந்தது. கர்னலின் செயல்களைப் பின்தொடர எஃப்டிரேஸ் என்றொரு புதிய கருவி சேர்க்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவக முகவரியில் அது எழுதிக்கொண்டிருந்தது. தற்செயலாக அந்த முகவரி நெட்வொர்க் கார்டுக்கு ஒதுக்கப்பட்டபோது கார்டின் உள்ளடக்கம் கெட்டது. அக்டோபரில் கர்னல் வெளியாவதற்கு முன் கார்டின் நினைவகத்தில் எதுவும் எழுதவிடாமல் பூட்டினார்கள்; வெளியான சில நாளில் வந்த 2.6.27.1 திருத்தத்தில் கோளாறின் மூலத்தையும் முடக்கினார்கள்.

அந்தக் கார்டுகளை இழந்தவர்கள் நஷ்டப்பட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் முன்பதிப்பை ஓட்டாமல் இருந்திருந்தால், அந்தக் கர்னல் அக்டோபர் 30-ல் வந்த உபுண்டு 8.10 வழியாகவும் மற்றவை வழியாகவும் எண்ணற்ற வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போயிருக்கும். அதனால்தான், உங்கள் ஒரே கணினியில் முன்பதிப்பை நிறுவாதீர்கள் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு அறிவிப்பிலும் எழுதுகிறார்கள். அதைச் சடங்கு என்று கடந்துபோகக் கூடாது.

2024 மார்ச் 29-ல் வெளிவந்தது இதைவிடப் பெரியது. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், டெபியன் சிட் கிளையில் வேகச் சோதனை ஒன்று செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. பலரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், கவனித்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடாமல் துருவினார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுப் புறவாசல் ஒன்றை வைத்திருந்தது அம்பலமானது. அந்த நூலகத்தின் பராமரிப்பாளரிடம் இரண்டு ஆண்டுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்த ஒருவரின் கைவேலை அது. டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்பதிப்பு, ஓப்பன்சூசே டம்பிள்வீடு ஆகியவற்றில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்கு இன்னும் வரவில்லை. உபுண்டு தன் 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பொதிகள் அனைத்தையும் மீண்டும் கட்டி, ஏப்ரல் 11-ல் வெளியிட்டது. ஒரே ஒருவர், ஒரே ஒரு முன்பதிப்பு, அரை விநாடி. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி தப்பித்தது.

முன்பதிப்புக் காலத்தில் யாரும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, லெனோவோவின் பல மாடல்களிலும் வேறு சில நிறுவனங்களின் மாடல்களிலும் பயாஸ் அமைப்பைக் கெடுத்தது. சில கணினிகளில் யூஎஸ்பி வழியாகத் துவங்கவே முடியவில்லை. டிசம்பரில் இறக்கத்தையே நிறுத்திவிட்டு, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். அந்தக் கணினிகள் பீட்டா காலத்தில் போதிய கைகளில் சோதிக்கப்படவில்லை. 2025 அக்டோபரில் உபுண்டு 25.10 வந்தபோது, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய அடிப்படைக் கட்டளைகளில் தேதி காட்டும் கட்டளை ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டில் பிழைபட, கணினி தானாகப் புதுப்பிப்புகளைத் தேடுவது நின்றுபோனது. அதுவும் பீட்டாவைத் தாண்டி வந்த வழுதான்.

ஆகவே சோதனைக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டுமில்லை, பலவகையான கணினிகளும் பலவகையான பழக்கங்களும். இதில் திருச்சிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. காந்தி மார்க்கெட் மொத்தக் கடைகளில் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், இ-சேவை மையத்தில் கைரேகை எடுக்கும் கருவி, அரசு கொடுத்த மடிக்கணினி, தமிழும் ஆங்கிலமும் கலந்து பெயரிட்ட கோப்புகள் நிறைந்த வன்தட்டு இவையெல்லாம் ஐரோப்பிய நிரலாளரின் மேசையில் இருப்பதில்லை. இங்கே ஓடுமா என்று இங்கிருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் கட்டற்ற இயங்குதளத்துக்கும் உள்ள உறவு புதியதல்ல. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007-ல் சிடாக் நிறுவனத்தின் சென்னை மையத்திலிருந்து பாஸ் என்ற இயங்குதளம் வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்காகத் தயாரானது அது. 2011 தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று மே மாதம் முதல்வரான ஜெயலலிதா, அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் 11-ஆம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இடம்பெற்றன. இத்தனை மாணவர்கள் கையில் லினக்ஸைக் கொடுத்த மாநிலம் இந்தியாவில் அதிகமில்லை. கொடுத்ததோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை. கிடைத்ததை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வரப்போவதைச் சோதித்துக் குறை சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டெபியனில் நிற்கும் ஒரு வழு டெபியனோடு நிற்பதில்லை. முக்கொம்பில் வருகிற தண்ணீர்தானே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் போகிறது? அதுபோலத்தான் டெபியனின் பொதிகள் உபுண்டுவுக்கும் பாஸுக்கும் இன்னும் பலவற்றுக்கும் போகின்றன. சிட் கிளையில் ஒரு தமிழ் எழுத்துருவின் குறையை ஒருவர் சொல்லித் திருத்திவிட்டால், அந்தத் திருத்தம் அடுத்தடுத்த பதிப்புகளில் இவை எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தில் திருத்தினால் பலன் இன்னும் பெரிது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரேஆபீஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அதையே பயன்படுத்துகின்றன.

தமிழில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? முதலில் நிறுவும் திரையையே பார்க்கலாம். டெபியனின் பழைய நிறுவி வெறும் எழுத்துத் திரையில் ஓடியது; அதில் கொம்பும் காலும் கொண்ட எழுத்துகளைச் சரியாகக் காட்ட முடியாது. 2007 ஏப்ரலில் வந்த எட்ச் பதிப்பில் வரைகலை நிறுவி சேர்ந்த பிறகுதான் தமிழ் போன்ற மொழிகளுக்கு வழி திறந்தது. உபுண்டு 2023 ஏப்ரலில் தன் பழைய நிறுவியை விட்டுவிட்டு ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதிய புதியதற்கு மாறியது. இப்படி மாறும்போதெல்லாம் எழுத்துரு, மொழிபெயர்ப்பு, விசைப்பலகைத் தேர்வு மூன்றையும் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். பயன்பாடுகளின் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் மொழிப்பொதி வழியாகப் பிறகும் திருத்தி அனுப்பலாம். நிறுவியின் பிழை அந்த வட்டு வடிவத்தோடு உறைந்துவிடும். அதை வெளியீட்டுக்கு முன்பே பிடித்தாக வேண்டும்.

அடுத்தது தட்டெழுத்து. 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, தட்டச்சு முறை, ஒலியியல் முறை எல்லாம் லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டெழுத்துக் கட்டமைப்பு வழியாகக் கிடைக்கின்றன. ஸ்ரீக்கென்றே தமிழ்99-ல் ஷிப்டோடு சேர்த்து அழுத்தும் ஒரு விசை உண்டு. அது ஸகரத்தை அனுப்புகிறதா ஶகரத்தை அனுப்புகிறதா என்பது மென்பொருளைப் பொறுத்தது. இதை முனையம், உலாவி, அலுவலக மென்பொருள் மூன்றிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். உபுண்டு 25.10-இலும் அதே பருவத்து ஃபெடோராவிலும் க்னோம் பணிமேடையின் பழைய எக்ஸ்11 திரை அமர்வை எடுத்துவிட்டு, அதன் மாற்றான வேலாண்டு மட்டுமே என்று ஆக்கிவிட்டார்கள். எக்ஸ்11-ஐ நம்பி எழுதிய சின்னச் சின்னத் தட்டெழுத்துக் கருவிகள் அதில் வேலை செய்யா. முன்பதிப்பை ஓட்டிப் பார்த்தவருக்கு இது மாதக்கணக்கில் முன்னதாகவே தெரிந்திருக்கும். மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைத்திருக்கும்.

அழிப்பதையும் பார்க்க வேண்டும். ‘கொ’ என்று தட்டிப் பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால், ஒரு மென்பொருள் ஒகரக் குறியை மட்டும் எடுத்துக் ககரத்தை வைத்திருக்கும். இன்னொன்று முழு எழுத்தையும் விழுங்கிவிடும். ‘கொ’வில் உள்ள ஒகரமே ஒரே குறியாகவும் பதிந்திருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதிந்திருக்கலாம். எந்த நடத்தை சரி என்பதில் தமிழ்ப் பயனர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரே இயங்குதளத்தில் இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாக நடந்தால் அது வழுதான்.

அகரவரிசை இன்னொரு கண்ணி. வகுப்பு வருகைப் பதிவேட்டில் மதியழகன், மயில்சாமி, மனோகரன் என்று மூன்று பேர். தமிழ் நெடுங்கணக்கில் தகரம், யகரம், கடைசியில் னகரம். ஆகவே இதுதான் சரியான வரிசை. யுனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் மனோகரனை மயில்சாமிக்கு முன்னால் கொண்டுவந்துவிடும். இதைச் சரியாக அடுக்கும் விதி ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் மொழித் தரவில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் அந்த நூலகத்தின் 2.28 பதிப்பு உலக மொழிகளின் அடுக்குவிதிகளை மொத்தமாகப் புதுப்பித்தது. அதன் விளைவாக, டெபியன் 9-லிருந்து 10-க்கு மாறியவர்களின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணைகள் பழைய வரிசையிலும் நூலகம் புதிய வரிசையிலும் நின்று, அட்டவணைகளை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. பெயர்ப் பட்டியலை அடுக்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைப் பீட்டாவில் செய்கிறவர், அலுவலகத்தின் மொத்தத் தரவையும் பிறகு காப்பாற்றுகிறவர் ஆகலாம்.

இந்திய எழுத்துகளைப் பணக்கார நிறுவனங்கள் கவனமாகச் சோதித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களில் செயலிகளை முடக்கிப் போட்டது. அது கட்டற்ற மென்பொருள் அல்ல. கட்டற்றதில் உள்ள வசதி, அந்தக் கோளாறு எந்த வரியில் இருக்கிறது என்று ஹைதராபாத்திலோ திருச்சியிலோ இருக்கும் மாணவரே தோண்டிப் பார்க்கலாம் என்பது.

எப்படிச் சோதிப்பது என்பதற்கு மூன்று படிகள் உண்டு. மெய்நிகர் கணினி மிகப் பாதுகாப்பானது. விர்ச்சுவல்பாக்ஸ், க்னோம் பாக்ஸஸ் போன்றவற்றுக்குள் முன்பதிப்பை ஓட்டினால் உண்மையான கணினிக்கு ஒன்றும் ஆகாது. எழுத்துரு, மொழிபெயர்ப்பு, அகரவரிசை, தட்டெழுத்து இவற்றையெல்லாம் இதிலேயே பார்த்துவிடலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதெல்லாம் இதில் தெரியாது. அதற்குப் பென் டிரைவிலிருந்து, நிறுவாமலேயே ஓடும் லைவ் முறையில் துவங்க வேண்டும். அது தானாக வன்தட்டில் கைவைக்காது. ஆனால் 2008-ல் வந்தது போன்ற வழு கர்னலிலேயே இருந்தால் லைவ் முறையும் காப்பாற்றாது. மூன்றாவது, வேறு எதற்கும் தேவைப்படாத பழைய கணினியில் நிறுவி, வாரக்கணக்கில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவது. ஃபிராயிண்ட் கண்டது போன்ற வழுக்கள் இந்தப் படியில்தான் அகப்படுகின்றன.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபிறகு, பழைய கணினிகளுக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டெபியன் 13-லிருந்து 32 பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது. மிகப் பழைய கணினி வைத்திருக்கும் கடைகளும் பள்ளிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டேட்டா செலவு பலரைத் தடுக்கிறது. உபுண்டுவின் அன்றாடப் பதிப்பு பல ஜிபி இருக்கும். ஒவ்வொரு முறையும் முழுதாக இறக்க வேண்டியதில்லை. இசட்சிங்க் (zsync) என்ற கருவி, முன்பு இறக்கிய கோப்போடு ஒப்பிட்டு மாறிய பகுதிகளை மட்டும் எடுத்துவரும். இறக்கியதும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுக்கொள்வது அவசியம். பாதியில் அறுந்த கோப்பை நிறுவிவிட்டு, அந்தக் கோளாறை இயங்குதளத்தின் வழுவாகப் பதிவது எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கும்.

இ-சேவை மையமும், பில் போடும் கடையும், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கும் மாணவரும் முன்பதிப்பின் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு நிலையான பதிப்புதான்.

சோதனையில் பாதி வேலை, கண்டதை எழுதிச் சொல்வது. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்ற ஐந்தும் இருந்தால் அது நல்ல வழுப்பதிவு. ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘இந்த எழுத்துருவில், இந்த அளவில், ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ பிரிந்து தெரிகிறது, ஶகரத்தில் தொடங்குவது சேர்ந்து தெரிகிறது, இரண்டும் சேர்ந்தே தெரிய வேண்டும்’ என்று எழுதித் திரைப்பிடிப்பும் இணைத்தால், தமிழே தெரியாத நிரலாளரும் திருத்திவிடுவார். டெபியனுக்கு இதை மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும். எண் ஒன்று கொடுத்துப் பொதுவில் வைப்பார்கள். உபுண்டுவில் லாஞ்ச்பேடு, ஃபெடோராவில் பக்சில்லா.

இதற்கெதிராகச் சொல்லப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. உபுண்டுவுக்குப் பின்னால் கனானிக்கல் இருக்கிறது, ஃபெடோராவுக்குப் பின்னால் ரெட் ஹேட் இருக்கிறது. அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். பதிந்த வழுவுக்குப் பதிலே வராமல் போவதும் உண்டு. ஃபெடோராவில் ஒரு பதிப்பின் ஆயுள் முடிந்ததும், சுமார் 13 மாதத்தில், திருத்தப்படாத வழுக்களும் தானாக மூடப்படுகின்றன. மாலை முழுக்க உட்கார்ந்து எழுதியவருக்கு அது மனதை ஒடிக்கும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதும் தமிழ்வழியில் படித்தவர்களைத் தயங்க வைக்கிறது.

ஆனாலும் கணக்குப் பார்த்தால் தமிழ்ப் பயனருக்கு இதில் லாபமே அதிகம். சம்பளம் வாங்கும் சோதனையாளர் ஆங்கிலத் திரையைப் பார்த்துக்கொள்வார். தமிழ்த் திரைக்கு ஆள் இல்லை. விட்டுவிட்டால் நஷ்டம் கனானிக்கலுக்கு இல்லை, துறையூர் அரசுப் பள்ளி மாணவிக்கு. ஆங்கிலத் தயக்கத்துக்கும் மருந்து உண்டு: நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்வது. ஒருவர் கண்டுபிடிக்கலாம், ஒருவர் எழுதலாம்.

சேர்ந்து உட்கார்வதற்கு முன்மாதிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் ஆண்டுக்கணக்காக மாதக் கூட்டம் நடத்தியது. காஞ்சிபுரம் குழு வாரந்தோறும் கூடுகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. மெயின் லைனிலும் கார்டு லைனிலும் திருச்சியோடு இணைந்த விழுப்புரத்தில் 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியனின் மினி டெப்கான்ஃப் மாநாடு நடந்தது. அதை நடத்தியது பெருநகர நிறுவனம் எதுவுமில்லை, அந்த ஊர் லினக்ஸ் பயனர் குழு. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சியில் கூடியது. டெபியன் வெளியே எங்கோ இருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது.

திருச்சியிலோ துவாக்குடியில் என்.ஐ.டி., சேதுராப்பட்டியில் ஐ.ஐ.ஐ.டி., காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை, புனித வளனார், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், நேஷனல் என்று பழம்பெரும் கல்லூரிகள், ஸ்ரீரங்கத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள். ஆய்வகம் இருக்கிறது, கணினி இருக்கிறது, தமிழ் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் சோதனை என்ற பாடத்தைப் பல துறைகள் நடத்துகின்றன. அதில் கற்பனையான கணக்குப் பதிவு மென்பொருளையோ நூலக மென்பொருளையோ சோதிக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு பயிற்சியை நடப்புப் பீட்டாவில் தமிழைச் சோதிப்பதாக மாற்றினால், மாணவர் பெயரில் பொதுவெளியில் ஒரு வழுப்பதிவு இருக்கும். வேலைக்கான நேர்காணலில் காட்ட அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. டெபியன் 13-ன் கடும் உறைவு மே மத்தியில் வந்தது; கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு நேரம் இருக்கும் மாதம் அது. உபுண்டுவின் அக்டோபர் பதிப்புக்கான பீட்டா செப்டம்பரில் வருகிறது. கல்லூரி நடக்கும் மாதம்.

கணினித் துறைத் தலைவர்கள் அடுத்த பீட்டா தேதியை ஆய்வக அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடட்டும். ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு பென் டிரைவும் தமிழ்99 பழகிய இரண்டு பேரும் இருந்தால் தொடங்கிவிடலாம். நிறுவி, தட்டெழுத்து, அழிப்பு, அகரவரிசை, அச்சு ஆகிய ஐந்தையும் முதல் மூன்று நாளில் பார்த்துவிடுங்கள். உபுண்டுவில் வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு இறுதி உறைவு வந்துவிடும். அதற்குப் பிறகு மிகக் கடுமையான வழுக்களுக்கு மட்டுமே திருத்தம் ஏற்பார்கள். தமிழ் வழுக்களை அதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.